ஊராட்சி மன்றத் தேர்தலும் நன்கொடைப் பணமும்: தீபகற்ப மலேசிய வரலாற்றில் ஒரு நலன் முரண்பாடு

முன்னுரை

தீபகற்ப மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் இயங்கும் முறையை ஆராய 1965ஆம் ஆண்டு அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். அவர் வழக்கறிஞர், மலேசிய இந்தியர் காங்கிரசின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர், ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர் என்ற வகையில் நம் மாணவர் பலருக்கும் அறிமுகமானவர். ஆணைய உறுப்பினருள் ஒருவர் டி. எஸ். இராமநாதன். 1957ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மாநகரத் தகுதி பெற்ற ஜோர்ஜ்டவுனின் முதல் மேயராக விளங்கியவர். நாட்டின் ஊராட்சி முறை எவ்வழிச் செல்ல வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைக்கும் பொறுப்பு, இவ்விரு தமிழர்களின் கைகளிலும் இருந்தது. எனினும் மலேசியத் தமிழர் வரலாற்று நூல்களில் இச்செய்தி இரண்டு வரிகளுக்குமேல் இடம்பெறுவது அரிது.

தோட்டம், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, நாடாளுமன்றம் ஆகியவற்றைச் சுற்றியே நம் வரலாற்றெழுத்து வளர்ந்துள்ளது. நகராண்மைக் கழகத்தின் பக்கம் அது அதிகம் திரும்பவில்லை. ஆனால் அரசாங்கம் என்பது சாமானியனின் வாசலுக்கு வந்து நிற்பது பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தின் உருவிலேயே. அங்காடிக் கடைக்கு உரிமம் தருவதும் மறுப்பதும் அதுவே. ஆலயத்தின் கட்டட வரைபடம் அங்கீகாரத்திற்காகச் சென்று சேருவதும் அங்கேதான். வீட்டுக்கு மதிப்பீட்டு வரி விதிப்பதும், கால்வாய் தூர்வார ஒப்பந்தம் வழங்குவதும், எந்த நிலத்தில் அடுக்குமாடி எழலாம் என்று முடிவு செய்வதும் அம்மன்றமே. பணமுடையோருக்கு இம்முடிவுகளில் அக்கறை இருப்பது இயல்பு. அந்த அக்கறை மன்ற உறுப்பினரின் நாற்காலி வரை எவ்வாறு செல்கிறது, அதனைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டம் எதனைத் தடுத்தது, எதனைத் தடுக்காமல் விட்டது என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

‘நலன் முரண்பாடு’ என்னும் தொடரை இங்குக் குறுகிய பொருளில் கையாள்கிறேன். அது கையூட்டு அன்று. கையூட்டில் ஒருவர் கொடுக்கிறார், மற்றொருவர் பெற்றுக்கொண்டு கடமையில் தவறுகிறார், குற்றம் முற்றுப்பெறுகிறது. நலன் முரண்பாட்டில் குற்றம் எதுவும் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. முடிவெடுக்கும் கடமை உடையவருக்கே அம்முடிவால் ஆதாயமும் உண்டு என்னும் நிலையே அது. நன்கொடை இந்நிலையை உருவாக்கும் வழிகளுள் ஒன்று. ஆனால் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத வழி.

சொத்துடையோரின் மன்றம்

மலாயாவில் ஊராட்சித் தேர்தல் நாம் பொதுவாக எண்ணுவதைவிடப் பழமையானது. நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவின் ஆட்சியோடு இணைந்திருந்த காலத்தில், கல்கத்தாவிலிருந்து வந்த 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நகராண்மை ஆணையர்கள் ஐவர் கொண்ட அமைப்பு ஏற்பட்டது. அவர்களுள் மூவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்கள். 1857ஆம் ஆண்டின் இறுதியில் ஜோர்ஜ்டவுனில் முதல் தேர்தல் நடைபெற்றது. ஆண்டுக்கு 25 ரூபாய் வரி செலுத்தும், வயது வந்த பிரிட்டிஷ் குடிமகனாகிய ஆணுக்கே வாக்குரிமை.

வரி செலுத்துவோர் வரி விதிப்போரைத் தேர்ந்தெடுப்பது என்பது கேட்பதற்கு முறையாகவே தோன்றும். ஆயினும் அதன் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். வாக்காளர், வேட்பாளர் ஆகிய இரு சாராரும் சொத்துடையோர். மன்றம் கூடி எடுக்கும் முதன்மையான முடிவு சொத்துக்கு எவ்வளவு வரி என்பது. சாலையும் விளக்கும் எந்தத் தெருவுக்கு முதலில் என்பது அடுத்தது. இங்கு நலன் முரண்பாடு அமைப்பின் பிறழ்வாக அன்றி, அமைப்பின் அடித்தளமாகவே இருந்தது. நகரின் கழிவகற்றியும் சாலை போட்டும் உழைத்தோருள் பெரும் எண்ணிக்கையினராகிய தமிழ்த் தொழிலாளர் இவ்வாக்காளர் பட்டியலில் இடம்பெற வழியே இல்லை.

1913ஆம் ஆண்டு நகராண்மைச் சட்டம் இத்தேர்தலை நீக்கியது. வாக்காளரிடம் ஆர்வமில்லை என்பது அப்போது கூறப்பட்ட காரணம். ஊராட்சித் தேர்தல் இந்நாட்டில் கைவிடப்பட்டது அதுவே முதல் முறை. இக்காரணத்தை நினைவில் இருத்திக்கொள்வது நலம். பின்னர் வேறு காரணங்கள் வரும்.

கதவு வைத்த வாசலும் கதவில்லாத வாசலும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், தன்னாட்சிக்கான பயிற்சிக்களமாக ஊராட்சி மன்றங்களைப் பிரிட்டிஷ் அரசு கருதியது. 1950ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தல் சட்டம் இயற்றப்பட்டது. 1951ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் ஜோர்ஜ்டவுனில் நடந்த தேர்தலில் 15 இடங்களுள் 9 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தனர். 1952ஆம் ஆண்டுச் சட்டம் புதுக்கிராமங்களிலும் சிறிய ஊராட்சிக் குழுக்கள் தோன்ற வழிவகுத்தது. 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றங்கள் சட்டம் வந்தது.

இச்சட்டங்களின் மூலம் மலாயாவில் இல்லை. பிரிட்டனில் 1883ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்கும் 1884ஆம் ஆண்டு நகராண்மைத் தேர்தலுக்கும் இயற்றப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டங்களின் வழிவந்தவை அவை. வாக்காளருக்கு விருந்தளித்தல் குற்றம். வாக்காளரை ஏற்றிச் செல்ல வண்டி வாடகை கொடுத்தல் குற்றம். வேட்பாளர் குறிப்பிட்ட தொகைக்குமேல் செலவிடுதல் குற்றம் என்பன அவற்றின் சாரம். தேர்தலுக்குப் பின் செலவுக் கணக்கையும், அதற்காகப் பெற்ற பணத்தின் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். மறுபுறம், மன்ற உறுப்பினர் தமக்கு ஆதாயமுள்ள ஒப்பந்தம் விவாதத்திற்கு வரும்போது அதனை வெளிப்படுத்தி, வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும் என்பது பிரிட்டனின் 1933ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் தெளிவாக வகுக்கப்பட்ட நெறி. அதன் சாயலே இங்கும் பின்பற்றப்பட்டது.

ஆக, இரு வாசல்களுக்குச் சட்டம் கதவு வைத்தது. ஒன்று, வேட்பாளர் செலவிடும் பணம். மற்றொன்று, உறுப்பினரின் நேரடி ஆதாயம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாவது வாசல் ஒன்று உண்டு. அது கட்சியின் கருவூலம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் சட்டம் வேட்பாளரைத் தனி மனிதராகவே கண்டது. கட்சி என்னும் நிரந்தர அமைப்பு ஆண்டு முழுவதும் பணம் திரட்டும், தன் பெயரிலேயே செலவிடும், பின்னர் யார் வேட்பாளர் என்பதையும் தானே முடிவு செய்யும் என்பது அச்சட்டத்தின் கற்பனைக்கு எட்டவில்லை. வேட்பாளரின் கையில் வந்த வெள்ளிக்குக் கணக்குண்டு. அதற்கு முன்னரே கட்சியின் கையில் சேர்ந்த வெள்ளியைத் தந்தவர் யார் எனப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் கடப்பாடு இல்லை. ஓர் ஒப்பந்தக்காரர் மன்ற உறுப்பினராக இருந்து தம் ஒப்பந்தத்திற்குத் தாமே வாக்களித்தால் சட்டம் தடுக்கும். அவரே உறுப்பினராகாமல், மன்றப் பெரும்பான்மையைக் கொண்ட கட்சிக்கு நன்கொடை அளித்துவிட்டு வீட்டில் இருந்தால், வெளிப்படுத்த வேண்டியவர் எவரும் இலர்.

கோலாலம்பூர், 1952

கதவில்லாத அவ்வாசல் எத்துணை அகலமானது என்பதைச் சட்டம் இயற்றப்படுவதற்கு முன்னரே கோலாலம்பூர் காட்டியிருந்தது. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் நடைபெற்ற நகராண்மைத் தேர்தலை நம் வரலாற்று நூல்கள் இனங்களுக்கிடையிலான கூட்டணியின் பிறப்பாகப் போற்றுகின்றன. டத்தோ ஓன் ஜாஃபார் தொடங்கிய மலாயா சுதந்திரக் கட்சியே வெல்லும் எனப் பலர் எண்ணினர். ம.இ.கா. தலைமையும் அக்கட்சியையே ஆதரித்தது. ஆனால் அம்னோவின் கோலாலம்பூர் கிளையும் மலாயாச் சீனர் சங்கத்தின் சிலாங்கூர் கிளையும் கைகோத்து 12 இடங்களுள் 9 இடங்களைக் கைப்பற்றின. சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே.

இவ்வெற்றிக்கு இனக் கணக்கே காரணம் என்று கூறி நிறுத்திவிடுவது வழக்கம். அது முழு விளக்கம் ஆகாது. இரண்டு கிளைகளுள் ஒன்றிடம் ஆள்பலம் இருந்தது. மற்றொன்றிடம் பணம் இருந்தது. சிலாங்கூர்ச் சீனர் சங்கத்திற்குத் தலைமையேற்றவர் ஈயச் சுரங்கத் தொழிலதிபரும் ‘சைனா பிரஸ்’ நாளேட்டின் நிறுவனருமான எச். எஸ். லீ. இவர் பின்னாளில் சுதந்திர மலாயாவின் முதல் நிதியமைச்சரானார். சீனர் சங்கம் 1950ஆம் ஆண்டு முதல் தன் உறுப்பினரிடையே குலுக்குச் சீட்டு நடத்திப் பெரும் நிதி திரட்டி வந்தது. அவசரகாலத்தில் குடிபெயர்க்கப்பட்ட புதுக்கிராம மக்களின் நல்வாழ்வுக்கு அப்பணம் செலவிடப்பட்டது. அப்பணியின் அளவையும் பயனையும் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் நல்வாழ்வுச் சங்கம் அரசியல் கட்சியாக மாறியபோது குலுக்குச் சீட்டின் பொருளும் மாறிற்று. 1953ஆம் ஆண்டு ஜெனரல் டெம்ப்ளரின் அரசு, அரசியல் கட்சி குலுக்குச் சீட்டு நடத்துவதற்குத் தடை விதித்தது.

இத்தடையைச் சற்றே ஆழ்ந்து நோக்க வேண்டும். குலுக்குச் சீட்டு என்பது ஆயிரக்கணக்கானோர் சிறு தொகை செலுத்திப் பங்குபெறும் முறை. அதில் எந்த ஒருவருக்கும் கட்சி தனிப்படக் கடன்படுவதில்லை. அதனை மூடிய காலனித்துவ அரசு, அதற்கு மாற்றாக எந்த வெளிப்படையான வழியையும் திறக்கவில்லை. கட்சியின் செலவு குறையவும் இல்லை. எஞ்சியது செல்வந்தரின் நன்கொடை. சூதாட்டத்தை அரசியலிலிருந்து அகற்றும் நல்ல நோக்கம், சிலரின் பெருந்தொகையை நம்பி வாழும் கட்சிகளை வளர்த்தது என்பது என் துணிபு. இத்தடைக்கு மறு ஆண்டில் வந்த தேர்தல் குற்றங்கள் சட்டமும் கட்சி நிதியைப் பற்றி மௌனம் காத்தது.

எதிர்க்கட்சிகளை இவ்விடத்தில் தூய்மையின் உருவாகக் காட்டுவதும் சரியன்று. ஜோர்ஜ்டவுனில் தொழிற்கட்சியும் பின்னர் சோசலிச முன்னணியும், ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சியும் ஊராட்சி மன்றங்களைக் கைப்பற்றின. மன்றத்தைக் கைப்பற்றும் கட்சிக்கு உரிமமும் வேலைவாய்ப்பும் ஒப்பந்தமும் வழங்கும் அதிகாரம் வந்து சேர்கிறது. ஏழைக் கட்சிக்கு அது தரும் ஆசை பணக்காரக் கட்சிக்குத் தருவதைவிடக் குறைவானது என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை.

இடைநிறுத்தம்

கோலாலம்பூரில் தேர்தல் மற்ற ஊர்களுக்கு முன்னரே முடிவுக்கு வந்தது. கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்படி 1961ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நகர நிர்வாகம் ஆணையர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு பிற இடங்களில் நடந்தவையே இறுதி ஊராட்சித் தேர்தல்கள் என்பது அன்று வாக்களித்தவர்களுக்குத் தெரியாது.

1965ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் நடைபெறும் எனப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதியளித்தார். 1963இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டது. மோதல் 1966ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

இதற்கிடையில் வேறொரு காரணம் முன்னுக்கு வந்தது. சிரம்பான், ஜோர்ஜ்டவுன், மலாக்கா, ஜொகூர் பாரு, பத்து பகாட் ஆகிய மன்றங்களில் முறைகேடும் நிர்வாகச் சீர்கேடும் மலிந்துள்ளன எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1965, 1966ஆம் ஆண்டுகளில் அவற்றின் அதிகாரங்கள் மாநில அரசுகளின் கைக்கு மாறின. ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகள் 1966இல் பினாங்கு முதலமைச்சரிடம் சென்றன. சோசலிச முன்னணியின் கோட்டையாக விளங்கிய மன்றம் அது. குற்றச்சாட்டுகளுள் உண்மை எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்பதை வாக்காளர் தீர்ப்பளிக்கும் வாய்ப்பு மட்டும் இல்லாமற் போயிற்று.

அதே காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியை இதனோடு வைத்துப் பார்க்கலாம். ஈப்போவின் டி. ஆர். சீனிவாசகம், கல்வியமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப்மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றஞ்சாட்டினார். அதனை வெளியிலும் சொல்லத் துணிவுண்டா என்ற அறைகூவலை ஏற்று வெளியிலும் கூறினார். அமைச்சர் தொடுத்த அவதூறு வழக்கு தோற்றது. 1965இல் அவர் பதவி விலகினார். அதற்காக எவரும் அமைச்சரவை முறையையே ஒழிக்க வேண்டும் என்று கூறவில்லை. தனி மனிதரின் தவறு தனி மனிதரோடு நின்றது. ஊராட்சி மன்றங்களின் நிலையில் மட்டும் உறுப்பினரின் தவறு, தேர்தல் என்னும் முறைமையின் தவறாக மாற்றப்பட்டது.

ஆதி நாகப்பன் ஆணையம் தன் பணியை 1968ஆம் ஆண்டு திசம்பரில் முடித்தது. அப்போது தீபகற்ப மலேசியாவில் 373 ஊராட்சி அமைப்புகள் இருந்தன. அவற்றுள் 289 சிறிய ஊராட்சிக் குழுக்கள். பல வகைச் சட்டங்கள், சிதறிய எல்லைகள், வருவாய்ப் பற்றாக்குறை, பயிற்சியற்ற பணியாளர் எனக் குறைகள் பலவாக இருந்தன. இத்தனைக்குப் பின்னரும் அது வந்தடைந்த முடிவு, தேர்தல் வழி அமையும் மன்றத்திற்கு உள்ளார்ந்த குறைகள் இருப்பினும் அதன் நன்மை நியமன மன்றத்தினும் மேலானது என்பதே. ஆளுங் கூட்டணியைச் சேர்ந்த ஒரு செனட்டரின் தலைமையில் அமைந்த ஆணையம் இம்முடிவைத் தந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அறிக்கை எழுதி முடிக்கப்பட்டதற்கும் வெளியிடப்பட்டதற்கும் இடையில் 1969ஆம் ஆண்டு மே கலவரம் நிகழ்ந்தது. 1971ஆம் ஆண்டின் இறுதியிலேயே அறிக்கை பொதுமக்களை எட்டியது. தேர்தல் பற்றிய பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. கூட்டரசு, மாநிலம், ஊராட்சி என மூன்றடுக்கிலும் தேர்தல் வைப்பது ஆட்சியை மிகையாக்கும் என்பது இப்போது கூறப்பட்ட காரணம்.

1913இல் ஆர்வமின்மை, 1965இல் போர்ச்சூழல், அடுத்து முறைகேடு, இறுதியில் மிகையான ஆட்சி. காரணங்கள் மாறிக்கொண்டே வந்தன, விளைவு மாறவில்லை. 1973ஆம் ஆண்டு இடைக்கால ஏற்பாட்டுச் சட்டத்தின் காலத்தில் ஊராட்சித் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் ஓங் கீ ஹுய், தாமே ஒரு காலத்தில் கூச்சிங் நகராண்மைக் கழகத்தின் தலைவராக இருந்தவர். 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், தேர்தல் தொடர்பான எல்லா விதிகளையும் செயலற்றவையாக்கியது. ஆதி நாகப்பன் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

பிரிட்டன் தேர்ந்த வேறு வழி

இவ்விடத்தில் பிரிட்டனை நோக்குவது பொருத்தமானது. நம் சட்டத்தின் தாய்வீடு அது என்பது மட்டும் காரணமன்று. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அந்நாட்டு ஊராட்சி மன்றங்களும் பெரும் ஊழலில் சிக்கின. ஜான் பூல்சன் என்னும் கட்டடக்கலைஞர், வடக்கு இங்கிலாந்தின் மன்றங்களிடமிருந்து கட்டடப் பணிகளைப் பெறுவதற்காக உறுப்பினர், அதிகாரி பலருக்குப் பணமும் பரிசும் ஆலோசகர் பதவியும் வழங்கி வந்தார். 1972ஆம் ஆண்டு அவருடைய நொடிப்பு வழக்கு விசாரணையில் கணக்குகள் அம்பலமாயின. உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் பதவி விலக நேர்ந்தது. 1974இல் பூல்சனும், நியூகாசில் நகரமன்றத்தின் முன்னாள் தலைவர் டி. டான் சுமித்தும் சிறை சென்றனர்.

ஒதுங்கி நிற்கும் விதி அங்கு நாற்பதாண்டுகளாக நடைமுறையில் இருந்தது. பூல்சன் அதனை உடைக்கவில்லை; பெரும்பாலும் அதனைச் சுற்றிச் சென்றார். ஆலோசகர் ஊதியம் என்பது ஒப்பந்தம் அன்று. ஆகவே மன்றத்தில் வெளிப்படுத்தத் தேவையில்லை என்று பலரும் தம்மைத் தேற்றிக்கொண்டனர். சிரம்பானையும் ஜோர்ஜ்டவுனையும்விட இது பெரிய அளவிலான சீர்கேடு. ஆயினும் நியூகாசில் மக்களின் வாக்குரிமையைப் பறிக்க வேண்டும் என்னும் எண்ணம் அரசின் பரிசீலனைக்கே வரவில்லை. ரெட்கிளிஃப்–மோட் பிரபு தலைமையிலான குழு 1974இல் அறிக்கை தந்தது. 1975இல் உறுப்பினருக்கான தேசிய நடத்தை நெறி வகுக்கப்பட்டது. பொது வாழ்வின் ஒழுக்கம் குறித்து சால்மன் பிரபு தலைமையில் அரச ஆணையம் 1976இல் அறிக்கை அளித்தது. கோலாலம்பூரில் உள்ளாட்சிச் சட்டம் நிறைவேறிய அதே 1976.

பிரிட்டனின் நெறி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்பது என் வாதமன்று. ஒரே சட்ட மரபிலிருந்து புறப்பட்ட இரு நாடுகள், ஒரே நோய்க்கு எதிரெதிர் மருந்துகளைத் தேர்ந்தன என்பதே கவனத்திற்குரியது.

நியமனத்தின் காலம்

தேர்தல் ஒழிந்ததனால் நன்கொடை ஒழிந்ததா? புதிய ஏற்பாட்டின்படி ஒவ்வொரு மன்றத்திலும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சியில் பட்டறிவுடையோர், தொழிலிலும் வணிகத்திலும் சிறப்பெய்தியோர், சமூகத்தைப் பிரதிநிதிக்கத் தகுந்தோர் நியமனத்திற்கு உரியவர் எனச் சட்டம் கூறுகிறது. வணிகத்தில் சிறப்பெய்தியோர் என்னும் தொடர் சிந்திக்கத்தக்கது. நகரின் உரிமங்களோடும் நில முடிவுகளோடும் மிகுதியான தொடர்புடையவர் எவரோ அவரையே சட்டம் முதலில் அழைக்கிறது. நடைமுறையில் மாநிலத்தை ஆளும் கட்சிகள் நியமனங்களைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டன. தேசிய முன்னணியின் காலத்தில் அம்னோவுக்கு இத்தனை, ம.சீ.ச.வுக்கு இத்தனை, ம.இ.கா.வுக்கு இத்தனை எனக் கணக்கு இருந்தது. கட்சிக் கிளையின் தலைவர் மன்ற உறுப்பினராவது இயல்பான படிக்கட்டாயிற்று.

நன்கொடையின் பாதையும் இதனால் குறுகியது. முன்னர் நகரின் முடிவுகளில் அக்கறையுள்ள செல்வந்தர், ஊராட்சித் தேர்தலுக்குத் தனியே செலவிட வேண்டியிருந்தது. தோற்கும் அபாயமும் இருந்தது. இப்போது மாநிலத் தேர்தலுக்குக் கட்சி திரட்டும் நிதியில் அவர் பங்கு சேர்ந்தால் போதும். வென்ற கட்சி மன்ற உறுப்பினரையும் நியமிக்கிறது. நிதி தந்தவர் எவர், நியமனம் பெற்றவர் எவர், இருவருக்கும் தொடர்பென்ன என்னும் வினாக்களைத் தேர்தல் மேடையில் எழுப்பும் எதிர் வேட்பாளர் இல்லை. கட்சிக்கும் வணிகத்துக்கும் உள்ள பிணைப்பைத் தேசிய அளவில் பேராசிரியர் எட்மண்ட் தெரன்ஸ் கோமஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். நகராண்மைக் கழக அளவில் அத்தகைய ஆய்வு இன்னும் வளர வேண்டியுள்ளது.

2006ஆம் ஆண்டு கிள்ளானில் வெளிவந்த செய்தி இம்முறையின் உட்புறத்தைச் சிறிது காட்டியது. சிலாங்கூர் சட்டமன்ற உறுப்பினரும் கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினருமாகிய ஜக்கரியா முகமது டெரோஸ், எளிய மக்கள் வாழும் பகுதியில் நான்கு மாடி மாளிகை எழுப்பிக்கொண்டிருந்தார். கட்டட வரைபடம் கழகத்தின் அங்கீகாரம் பெறாமலே பணி தொடங்கியிருந்தது. அவருடைய பழைய வீட்டிற்கான மதிப்பீட்டு வரியும் பல ஆண்டுகளாகச் செலுத்தப்படவில்லை. அவருடைய மகனும் மருமகளும்கூட அதே கழகத்தின் நியமன உறுப்பினர்களாக இருந்தனர். நாடெங்கும் எழுந்த கண்டனத்திற்குப் பின் மூவரும் கழகப் பதவிகளிலிருந்து விலகினர். சட்டமன்ற உறுப்பினர் பதவி அவரிடமே இருந்தது. தமக்கு ஆதாயமுள்ள விவாதத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்னும் விதி அங்கு என்ன பயன் தந்திருக்கும்? வரைபடம் விவாதத்திற்கு வந்திருந்தாலன்றோ ஒருவர் ஒதுங்குவதற்கு!

மறு ஆண்டு, 2007 அக்டோபர் 30ஆம் நாள், பக்கத்து மாநகர் மன்றமாகிய ஷா ஆலாம், பாடாங் ஜாவா கம்போங் ரிம்பா ஜெயாவில் இருந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை இடித்தது. தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தன. இரண்டும் வெவ்வேறு மன்றங்களின் செயல்கள். ஒன்றை மற்றொன்றின் விளைவாகக் கூறுவது வரலாற்று நேர்மை ஆகாது. ஆனால் அங்கீகாரமற்ற மாளிகை எழுவதையும் அங்கீகாரமற்றது எனப்பட்ட ஆலயம் இடிவதையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே மாநிலத்தில் கண்ட தமிழர், இவ்விரண்டையும் இணைத்தே நினைத்தனர். அவர்களுடைய சினம் நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர்த் தெருக்களிலும், 2008 மார்ச்சு 8ஆம் நாள் பொதுத் தேர்தலிலும் வெளிப்பட்டது. தங்கள் மன்ற உறுப்பினர்களை மாற்றுவதற்கான வாக்குச்சீட்டு மட்டும் அவர்களிடம் இல்லை.

2008இல் சிலாங்கூரிலும் பினாங்கிலும் ஆட்சி மாறிய பின்னும் நியமன முறையே தொடர்ந்தது. நியமிக்கும் கட்சிகள் மாறின. அரசு சாரா அமைப்பினர் சிலருக்கு இடம் கிடைத்தது என்பது உண்மை. பினாங்கு 2012ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தலுக்கான மாநிலச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. கட்சி நிதியைப் பொறுத்தவரை, 2015இல் அமைக்கப்பட்ட தேசிய ஆலோசனைக் குழு, மறு ஆண்டு 32 பரிந்துரைகளை அளித்தது. அவை அப்போது சட்டமாகவில்லை.

1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றங்கள் சட்டத்தில் செலவு வரம்பைக் கூறும் பிரிவு 2002இல் திருத்தப்பட்டது. நாடாளுமன்ற வேட்பாளருக்கு 2 இலட்சம் வெள்ளி, சட்டமன்ற வேட்பாளருக்கு 1 இலட்சம் வெள்ளி என வரம்புகள் உயர்ந்தன. அவற்றின் கீழே, ஊராட்சி மன்ற வேட்பாளருக்கு 10,000 வெள்ளி, சிறிய ஊராட்சிக் குழுவின் வேட்பாளருக்கு 3,000 வெள்ளி என்னும் வரிகள் அப்படியே விடப்பட்டன. நாற்பதாண்டுகளாக நடவாத தேர்தலுக்கான வரம்பை உயர்த்த வேண்டும் என்றோ நீக்க வேண்டும் என்றோ எவருக்கும் தோன்றவில்லை போலும்.

அத்தேர்தல்களில் யார் பணம் தந்தார்கள், எந்தக் கடைக்காரர் எந்தக் கட்சிக்குக் கொடி தைத்துக் கொடுத்தார், நகராண்மைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு வாக்குக் கேட்டு வந்தவர்கள் என்ன வாக்குறுதி அளித்தார்கள் என்பன அரசு ஆவணங்களில் முழுமையாகக் கிடைப்பவை அல்ல. 2019இல் நின்றுபோன தமிழ் நேசன், தமிழ் முரசு ஆகியவற்றின் 1951 முதல் 1963 வரையிலான இதழ்களை இந்நோக்கில் படிக்க வேண்டும். நகராண்மைக் கழகக் கூட்டக் குறிப்புகளையும் அவற்றோடு ஒப்பிட வேண்டும். 1963இல் 21 வயது நிரம்பி வாக்களித்தவர் இன்று எண்பது வயதைக் கடந்தவர். பினாங்கிலும் ஈப்போவிலும் சிரம்பானிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள், தம் மாணவரின் வீடுகளில் அத்தகைய தாத்தா பாட்டியர் எவரேனும் உளரா என்று இவ்வாண்டே கேட்டு, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும்.